ரெண்டு இழுப்பு

திரேஸ்புரம், தூத்துக்குடி
14 அக்டோபர் 2024

சே.ம.சூ.

அன்புள்ள தம்பி கிளைட்டனுக்கு அக்கா ஜெசிந்தா எழுதுறது. மாதா புண்ணியத்துல நானும் உங்கத்தானும் நல்லா இருக்கோம். உனக்குச் சளி விட்டுதா? மெட்ராஸ் தண்ணி ஒத்துக்கிட்டா?

போன் இருக்கயில இவ என்ன தபால் எழுதுதாளேன்னு சிரிக்காதலே. வீட்டுக்கு ஒரு போன். அதுவும் பிளாஸ்டிக் கவருக்குள்ள உங்கத்தான் கூட கடலுக்குப் போயிருது. சாயங்காலம் பேசலாம்னா அவிய பக்கத்துல உக்காந்து நான் சொல்லுத ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டுதாவ. எனக்கு என் தம்பிகிட்ட தனியாப் பேசணும். போர்டிங்ல சிஸ்டர் அடிச்சுச் சொல்லிக்குடுத்த கையெழுத்து வீணாப் போவானேன்.

சங்கு சீசன் தொடங்கியாச்சு. போன வருசம் வரைக்கும் கயிறு உன் கையில. உங்கத்தான் கம்ப்ரசர் ட்யூபை வாயில கடிச்சுக்கிட்டு பத்து பாகம் ஆழத்துக்கு இறங்கி மண்ணைத் துழாவுறப்ப, இடுப்புக் கயித்தோட மறுமுனை மச்சினன் கையிலதான் இருக்கணும்ங்கிறது நம்ம வழக்கம். கூடப்பிறந்தவ தாலியறுக்க எவனும் விடமாட்டாங்கிற நம்பிக்கை. எனக்கு இருக்கிறது ஒரே தம்பி. அவன் கிடாரைத் தூக்கிட்டுப் போயிட்டான். நான்தான் போன்னு சொன்னேன், இல்லங்கல்ல. இப்ப மாப்பிள்ளையூரணியில இருந்து அனிஷ்னு ஒருத்தரைப் பிடிச்சிருக்கோம். ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், பொறுப்பான ஆளு. உன் பாட்டுன்னா அவருக்கு உசுரு.

உன் வீடியோவைக் காட்டுனாரு. கண்ணை மூடிக்கிட்டு இங்கிலீஷ்ல, கடைவாய்ப் பல்லு வலிக்காரன் மாதிரி இழுக்க. உனக்கு என்ன குறைலே? வேளாவேளைக்குச் சாப்பிடுதியா? மறு தபால்ல எழுது.

உன் மேல உசுரா இருக்கிற
அக்கா ஜெசி


சென்னை
3 நவம்பர் 2024

அன்பு அக்காவுக்கு,

கிளைட்டன். நான் சுகம். சளி போயிட்டு. நீயும் அத்தானும் எப்படி இருக்கீங்க? உன் கையெழுத்தைப் பார்த்ததும் ஸ்கூல் பரீட்சைக்குப் படிக்கணுமோன்னு பயம் வந்துட்டு.

அது பல்லு வலி இல்லக்கா, ப்ளூஸ். அமெரிக்காவுல பருத்திக்காட்டுல பாடுபட்ட கறுப்பு ஜனங்க பாடினது. கிடார்ல மூணே மூணு கார்டு, சுரக் கட்டு, போதும். ஒரு வரியைச் சொல்லிட்டு அதையே திரும்பவும் சொல்லணும், மூணாவது வரியிலதான் விஷயம் வரும். நீ அத்தானைத் திட்டுவியே, அந்த மாதிரி. இவ்வளவு நாளா அவங்க குரல்லயே பாடிட்டு இருந்தேன். அவங்க ஆறு, அவங்க ரோடு, அவங்க ரயில். நான் ஒழுங்கா ஏறின ரயில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஒண்ணுதான்.

இங்க ஸ்ரீனிவாஸ் சார்னு ஒருத்தர் ஸ்டுடியோ வச்சிருக்கார். அன்னைக்கு நான் சும்மா உக்காந்து தடிச்ச கம்பியைப் பெருவிரலால தட்டிட்டு இருந்தேன். வெட்டி வெட்டி ரெண்டு தட்டு, கொஞ்சம் சும்மா, மறுபடி ரெண்டு. அவர் காதுல மாட்டியிருந்ததைக் கழட்டிட்டு ஓடி வந்து "இதை எங்க கத்துக்கிட்டே"ன்னு கேட்டார். எனக்கே அப்பதான் புரிஞ்சுது, அது கயிறு. நீளமா ஒரு இழுப்புன்னா ஒண்ணுமில்ல, வேலையைப் பாரு. வெட்டி ரெண்டு இழுத்தா போட்டது போட்டபடி மேல வா. இத்தனை வருசம் அத்தானுக்குக் கயிறு பிடிச்ச கை அதுவாப் போடுது. அதை வச்சே தமிழ்ல ஒரு பாட்டு கட்டியிருக்கேன். "மேல வா மச்சான், மேல வா"ன்னு வரும். அத்தான் போனுக்கு அனுப்புறேன்.

அனிஷ் கயிறை ரெண்டு கையாலயும் பிடிக்கிறாரான்னு பார்த்துக்கோ. அங்க நான் இருக்கணும்னு தோணுது. கிடாரை எடுத்தா அது மறந்துருது. இது சரியா தப்பான்னு எனக்குத் தெரியலக்கா.

உன் தம்பி
கிளைட்டன்


திரேஸ்புரம்
22 டிசம்பர் 2024

சே.ம.சூ.

என் ராசாவுக்கு அக்கா எழுதுறது. பாலன் பிறக்கப் போறாரு, வீட்டுல எல்லாரும் சுகம், உன் சுகத்துக்குத் தினமும் ஜெபமாலையில ஒரு பத்துமணி சொல்லுதேன்.

ஏலே, என்ன பாட்டுலே அது. இப்பதான் உன் வாயைத் திறந்து பாடியிருக்க. டீக்கடையில அதுதான், ஏலக் கூடத்துல அதுதான். உங்கத்தான் குளிக்கும்போது முணுமுணுக்காவ. "மேல வா மச்சான்னு ஊரே என்னைக் கூப்பிடுது, கீழ சங்கு எவன் எடுக்க"ன்னு ஒரு சிரிப்பு வேற. வள்ளத்துல அனிஷ் காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் அதையேதான் போடுதாராம்.

மக்ரூன் ஒரு டப்பா அனுப்பியிருக்கேன். நொறுங்காம வந்துதான்னு எழுது. ஈஸ்டருக்காவது வா.

அக்கா


பெங்களூரு
10 ஜனவரி 2025

அன்பு அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. நான் நல்ல சுகம். மக்ரூன் பாதி தூளாத்தான் வந்துது, ஸ்பூன்ல அள்ளித் தின்னோம்.

உன்கிட்டதான் சொல்ல முடியும். போற இடமெல்லாம் அந்தப் பாட்டைத்தான் கேக்குறாங்க. தமிழ் தெரியாதவங்களும் காலால தரையில தட்டுறாங்க, ரெண்டு, ரெண்டு, ரெண்டு. அந்தப் பெருவிரல் தாளத்தை வச்சே எட்டுப் பாட்டு சேர்த்து ஆல்பம் போடலாம்கிறார் ஸ்ரீனிவாஸ் சார். "இதுதான் உன் ஸ்டைல், இனிமே கையை மாத்தாதே"ங்கிறார். ஒரு ஆளுக்கு ஸ்டைல்னு ஒண்ணு அமைய வயசு நாப்பது ஆகும்பாங்க. எனக்கு அதுக்குள்ள வந்துருச்சேன்னு பயமாவும் இருக்கு.

அட்டைப்படத்துக்கு அத்தான் முகத்துல மாஸ்க் மாட்டி, ட்யூபைக் கடிச்சிட்டு இருக்கிற மாதிரி ஒரு போட்டோ வேணும். அனிஷை எடுக்கச் சொல்லு. சீக்கிரம்.

கிளைட்டன்


திரேஸ்புரம்
30 ஜனவரி 2025

கிளைட்டனுக்கு,

சுகம். உன் தபால் வந்துது. உங்கத்தான் தூங்குதாவ.

போட்டோ வேண்டாம். அந்தப் பெருவிரல் தாளத்தை விட்டுரு. வேற எதையாவது வாசி. உனக்குத்தான் ஆயிரம் தெரியுமே. காரணம் கேக்காத. அந்தப் பாட்டை இனிமே எங்கயும் பாடாத.

அனிஷ் இப்ப வரல்ல. வேற ஆள் கிடைச்சாச்சு.

ஜெசிந்தா


சென்னை
8 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

நான் சுகமா இல்லையான்னு எனக்கே தெரியல. உன் கடிதத்தை நாலு தடவை படிச்சேன். மேல சேசு மரி சூசைன்னு சே.ம.சூ. இல்ல, ராசா இல்ல, அடியில உன் முழுப் பேரு. நான் என்ன செஞ்சேன்?

சாமியார் ஏதும் சொன்னாரா? தொழிலைப் பாட்டாக்கி விக்கிறான்னு ஊர்ல பேசுறாங்களா? இல்ல, அத்தானுக்குக் கோபமா? போன் பண்ணினா அத்தான் "நல்லாருக்கேன் மாப்ள"ன்னு வச்சுடுறார். அவர் அவ்வளவு சுருக்கமாப் பேசுற ஆளே இல்ல. டிசம்பர்ல நீதான் ஊரே பாடுதுன்னு எழுதினே. ஜனவரியில நிறுத்துங்கிறே. எதை நான் நம்ப?

அந்தத் தாளத்தை எடுத்துட்டா என்கிட்ட என்னக்கா மிச்சம் இருக்கு. அது என் சோறு. ஏன்னு ஒரு வரி எழுது, விட்டுடுறேன்.

அந்த வேற ஆள் யாரு?

கிளைட்டன்


சென்னை
2 மார்ச் 2025

அக்காவுக்கு,

பதில் வரல. நீ சுகமா இருக்கேன்னு நானா நினைச்சுக்கிறேன்.

விட்டுட்டேன். ஏன்னு தெரியாமலே விட்டுட்டேன். நீ இதுவரைக்கும் என்கிட்ட எதையும் இப்படிக் கேட்டதில்ல.

போன வாரம் ஒரு கச்சேரி. பெருவிரலைத் துணியால கட்டிட்டுத்தான் ஏறினேன், இல்லன்னா அது பாட்டுக்குத் தட்டிடும். தாளம் இல்லாம எதை வாசிக்கன்னு தெரியல. அத்தான் எப்பவோ அறுத்துக் கொடுத்த சங்குத் துண்டு ஒண்ணு கிடார் பெட்டியில கிடந்துது, வளையல் மாதிரி. அதைச் சுண்டுவிரல்ல மாட்டி கம்பி மேல வழுக்கினேன். சுருதி எங்கயும் நிக்காமப் போயிட்டே இருக்கு, அழுறதா கொட்டாவியான்னு எனக்கே சொல்ல முடியல. பாதிப் பேர் எந்திரிச்சுப் போயிட்டாங்க. ஒருத்தன் "மேல வா பாடுடா"ன்னு கத்தினான். நான் தலையைக் குனிஞ்சுட்டு வழுக்கிட்டே இருந்தேன். ஸ்ரீனிவாஸ் சார் ஆல்பத்தை நிறுத்திட்டார்.

உன் ஒரு வரிக்காக இவ்வளவும். ஒரு வரி நீயும் எழுதேன்.

கிளைட்டன்


திரேஸ்புரம்
12 மார்ச் 2025

சே.ம.சூ.

தம்பிக்கு அக்கா எழுதுறது. கோபப்படாதலே. இங்க சுகந்தான். கையில கொஞ்சம் தோலு உரிஞ்சிருந்துது, பேனா பிடிக்க முடியல்ல, அதான் சுணங்கிட்டு. இப்ப காய்ச்சுப் போச்சு.

நீ அனுப்புன புதுசைக் கேட்டேன். மத்தவியளுக்குப் புரியாது, எனக்குப் பிடிச்சிருக்கு. வள்ளம் நங்கூரத்துல நிக்கும்போது, கொண்டல் காத்து திரும்புற நேரம், கயிறு கையில இருந்து மெல்ல வழுக்கிப் போவும் பாரு, இழுக்கவும் இல்லாம விடவும் இல்லாம. அந்த மாதிரியே இருக்கு. இதையே வாசி.

சாப்பாட்டை விட்டுறாத. மெலிஞ்சு போயிட்டன்னு வீடியோவுல தெரியுது.

அக்கா


சென்னை
25 மார்ச் 2025

அக்கா,

நேத்து அனிஷ் எனக்குப் போன் பண்ணினார். மன்னிப்புக் கேட்டு அழுதார். எதுக்குன்னே எனக்குத் தெரியாது, தெரிஞ்ச மாதிரி "பரவால்ல, சொல்லுங்க"ன்னேன். எல்லாத்தையும் சொல்லிட்டார்.

ஜனவரியில அத்தான் கீழ இருக்கும்போது வள்ளத்துல என் பாட்டு ஓடியிருக்கு. அனிஷுக்குத் தெரியாமலே அவர் கை கயித்துல தாளம் போட்டிருக்கு. வெட்டி ரெண்டு, வெட்டி ரெண்டு. அத்தான் போட்டது போட்டபடி மேல வந்திருக்கார். அவ்வளவு ஆழத்துல, அவ்வளவு நேரம் கிடந்துட்டு, நின்னு நின்னு வராம ஒரே மூச்சுல. ரத்தத்துல காத்துக் குமிழி அடைச்சு, வந்ததும் இடது கால் மரத்து விழுந்துட்டாராம்.

"மேல வா மச்சான்"னு நான் பாடினேன், அவர் வந்துட்டார்.

இதை வச்சுக்கிட்டா என்கிட்ட தாளத்தை மாத்துன்னு மட்டும் எழுதினே? நான் என்னமோ பெரிய கலைஞன் மாதிரி ஸ்டைல் போச்சே, சோறு போச்சேன்னு உனக்குப் பக்கம் பக்கமா எழுதியிருக்கேன். அதையெல்லாம் கிழிச்சுப் போடு.

நான் வாரேன். கிடாரைக் கொடுத்துட்டு வாரேன். கயிறு நான் பிடிக்கேன். இப்ப யாரு பிடிக்கிறான்னு கேட்டேன். "உங்க அக்காகிட்ட கேளுங்க"ன்னு வச்சுட்டார். யாரு அது?

கிளைட்டன்


திரேஸ்புரம்
30 மார்ச் 2025

சே.ம.சூ.

என் தம்பிக்கு,

நான்தான்லே. கயிறு என் கையில இருக்கு.

இனி ஒளிக்க என்ன இருக்கு. அன்னைக்கு உங்கத்தானைத் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தாவ. ஆஸ்பத்திரி, அங்க இருந்து இன்னொரு ஆஸ்பத்திரி, காத்து அடைச்ச டாங்கிக்குள்ள படுக்க வச்சாவ. அந்த ஒரு வாரமும் நான் உன்னைத் திட்டாத திட்டு இல்ல. பாட்டைக் கேட்டா போனைச் சுவத்துல அடிக்கணும் போல இருந்துது. ஆனா உங்கத்தான்தான் சொன்னாவ, "அவனுக்குச் சொல்லாத ஏளா, சொன்னா கிடாரைத் தொடமாட்டான்"னு. எனக்கு என்ன செய்யன்னு புரியல்ல. அந்தத் தாளத்தை எந்த வள்ளத்துல எவன் கேட்டு எவன் கயித்தை ஆட்டுவானோன்னு பயம். உன்கிட்ட உண்மையைச் சொல்லவும் பயம். அதான் அப்படி மொட்டையா ஒரு கடுதாசி எழுதுனேன்.

கால் பாதி வந்துது. இழுத்து இழுத்து நடக்காவ. திரும்பவும் கடலுக்குப் போவேன்னு நின்னாவ. தரையில இருந்தா கால் கனக்கு, தண்ணிக்குள்ள கனக்கலங்காவ. கயிறு பிடிக்க யாரையும் நம்ப எனக்கு மனசு வரல்ல. தாலியறுக்க விடமாட்டான்னுதானே மச்சினன் கையில குடுக்காவ? தாலி கட்டியிருக்கவளே பிடிச்சா என்னன்னு கேட்டேன். பொம்பளை வள்ளத்துல ஏறுனா கடல் பொறுக்காதுன்னு நாலு பேரு வந்தாவ. "கடல் பொறுக்கலன்னா எங்கிட்ட சொல்லட்டும், நான் பதில் சொல்லிக்கிடுதேன்"ன்னேன். உங்கத்தான் சிரிச்சாவ, ஏறிட்டேன்.

முதல்ல வாந்தி. அப்புறம் கை கிழிஞ்சுது. இப்ப கயித்துல அவிய திரும்புறது, குனியுறது, சங்கைக் கண்டுட்டு நிக்கிறது எல்லாம் எனக்குத் தெரியும். இத்தனை வருசம் குடும்பம் நடத்தி அவிய மனசுல என்ன ஓடுதுன்னு இவ்வளவு தெரிஞ்சதில்ல.

நீ வராத. வந்தா விருந்தாளியா வா.

அக்கா


சென்னை
24 ஏப்ரல் 2025

அன்பு அக்காவுக்கு,

ஊர்ல இருந்து நல்லபடியா வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒண்ணுமில்ல. அத்தான் காலுக்கு எண்ணெய் தேய்க்கிறியா?

ஈஸ்டர் முடிஞ்ச மறுநாள் வள்ளத்துல நடந்ததை உன் முன்னால பேச வாய் வரல. நான் பிடிக்கேன்னு உன்கிட்ட சண்டை போட்டு வாங்கினேன். பாட்டு எதுவும் ஓடல. கம்ப்ரசர் சத்தம் மட்டுந்தான். நல்லாத்தான் பிடிச்சிருந்தேன். நீ பாய்ஞ்சு வந்து என் மணிக்கட்டுல அடிச்சுக் கயித்தைப் பிடுங்கினப்பதான் என் பெருவிரலைப் பார்த்தேன். அது கயித்து மேல தட்டிட்டு இருந்துது. நீ உடனே நீளமா ஒரு இழுப்பு இழுத்தே, அத்தான் கீழேயே நின்னுட்டார். அரை நிமிசம் நீ பிந்தியிருந்தா அத்தான் மறுபடி ஒரே மூச்சுல மேல வந்திருப்பார்.

நான் கயித்துக்கு லாயக்கில்ல. இதைக் கடிதத்துலதான் சொல்ல முடியுது. முன்னால என் கை கயித்துல இருந்து கத்துக்கிட்டுது. இப்ப அதுக்குக் கயிறு எது கம்பி எதுன்னு தெரியல. ஊருக்கு வந்தா வழி பிறக்கும்னு நினைச்சேன், இன்னும் குழம்பித்தான் திரும்பினேன்.

சங்குத் துண்டு வச்சு வாசிச்சதை ஒரு சின்ன கம்பெனி வெளியிடுறாங்க. ரெண்டு பேர் விமர்சனம் எழுதியிருக்காங்க. ஒருத்தர் இதுதான் முதிர்ச்சின்னு எழுதியிருக்கார், இன்னொருத்தர் பயல் வழி தவறிட்டான்னு. ரெண்டு பேர்கிட்டயும் நான் என்ன சொல்ல, எங்கக்கா சொன்னா, அதனால மாத்திட்டேன்னா?

உன் கையை நம்பித்தான் இங்க இருக்கேன்.

கிளைட்டன்


திரேஸ்புரம்
25 மே 2025

சே.ம.சூ.

அன்புள்ள கிளைட்டனுக்கு அக்கா எழுதுறது. உன் சுகத்துக்கு மாதாவை வேண்டிக்கிடுதேன். உங்கத்தான் உசுரோட, நல்லபடியா, பக்கத்துல உக்காந்திருக்காவ. அதை முதல்ல சொல்லிடுதேன், மிச்சத்தைப் பதறாமப் படி.

போன வாரம் கம்ப்ரசர் பெல்ட் அறுந்துட்டு. டாங்கியில மிச்சம் இருக்கிற காத்து தீருறதுக்குள்ள மேல வந்தாவணும். வெட்டி ரெண்டு இழுத்தேன். வரல்ல. திரும்ப ரெண்டு. கயித்துல அவிய நடமாட்டம் தெரியுது, ஒண்ணுமே நடக்காத மாதிரி மண்ணைத் துழாவிக்கிட்டு இருக்காவ. இன்னும் பலமா இழுத்தேன். அதுக்கு மேல எனக்குப் பொறுக்கல்ல, வள்ளத்துல இருந்த எல்லாருமாச் சேந்து அவியளைத் தூக்குனோம், நெத்திலி வலையைத் தூக்குற மாதிரி.

மேல வந்து மூச்சு வாங்குனதும் என்னையப் பாத்துக் கேட்டாவ, "ஏன் ஏளா ரெண்டு இழுக்கல்ல?"

அந்த மரமரப்பு காலோட நிக்கல்ல, கிளைட்டா. இடுப்புக்கு ஏறியிருக்கு. கயிறு கட்டுன இடத்துல அவியளுக்கு ஒண்ணுமே உறைக்காது. எப்ப இருந்துன்னு கேட்டேன். முதல்ல தலையைத் துவட்டுனாவ. அப்புறம், "நீ முதல் முதல்ல வள்ளத்துல ஏறுன அன்னைக்கே"ன்னாவ. இத்தனை நாளும் நான் மேல இருந்து நீளமா இழுத்து ஒண்ணுமில்ல, நான் இருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். ஒண்ணுகூட அவியளுக்குப் போய்ச் சேரல்ல. "சொன்னா நீ வள்ளத்துல இருந்து இறங்கிடுவ, நீ மேல இருக்கன்னு நினைச்சா எனக்குக் கீழ தெம்பாருந்துது"ங்காவ. இந்த மனுசனை என்ன செய்ய? அடிக்கவா, கட்டிப்பிடிக்கவா? ரெண்டும் செஞ்சேன்.

கடல் முடிஞ்சுது. குடோன்ல சங்கு தரம் பிரிக்கிற வேலைக்குச் சொல்லியிருக்கோம், உக்காந்த இடத்துல வேலை. நேத்து உன் பழைய பாட்டைப் போடச் சொன்னாவ. நான் யோசிச்சேன், அப்புறம் போட்டேன். இனிமே நீ பெருவிரலால வாசி, சங்கால வாசி, உன் இஷ்டம். மத்த வள்ளத்துக்காரங்ககிட்ட நான் போய்ச் சொல்லியாச்சு, ஆள் கீழ இருக்கயில பாட்டுப் போடக் கூடாதுன்னு. நம்ம வீட்டு ஆளு யாரும் இப்ப தண்ணிக்குள்ள இல்ல.

நான்தான் ஒரு மாதிரியா இருக்கேன். விடியும் முன்னால முழிப்பு வந்துருது. குசினியில போய் நிக்கேன், சட்டியைத் தூக்குதேன், வைக்கேன். அவிய பக்கத்துலயே, கைக்கு எட்டுத தூரத்துல இருக்காவ. எனக்குக் கையை எங்க வைக்கன்னு தெரியல்லலே.

சாப்பிட்டுட்டுப் பதில் போடு.

அக்கா